பென்சில் வால்வு ரேடியோ காலையில் மட்டும் ஊமையாகிறது

அட்டன்பையன்: அண்ணன்மாரே, ஒரு ரஷ்ய பென்சில் வால்வை (பென்சில் மாதிரி ஒல்லியான கண்ணாடி ரேடியோ குழாய்) வைத்து ரீஜெனரேட்டிவ் மீடியம்வேவ் செட் ஒன்று கட்டினேன், வால்வு பெருக்கியதில் கொஞ்சத்தைத் திரும்ப அதற்கே ஊட்டும் வகை. 1ஜே24பி, மேலே வண்டு மாதிரி ஒரு எழுத்து அடித்திருக்குமே அதுதான். ஆனோடுக்கு (வால்வின் பாசிட்டிவ் முனைக்கு) மூன்று 9 வோல்ட் பெட்டரியைத் தொடராகப் போட்டு 27 வோல்ட், ஃபிலமெண்டுக்கு (உள்ளே சூடாகும் இழைக்கு) ஒரு சாதாரண பென்டார்ச் பெட்டரி. சாயங்காலம் தூத்துக்குடி வானொலி 1053 கிலோஹெர்ட்ஸில் அருமையாகக் கேட்கிறது, ஆனால் விடியற்காலை மூடுபனி இறங்கிவிட்டால் ரியாக்ஷனை, அதாவது அந்தத் திரும்ப ஊட்டும் அளவை, முழுக்கத் திருப்பினாலும் விசில்கூட வருவதில்லை. வால்வு போய்விட்டதா? இன்னொன்று வாங்க வசதியில்லை.

பழையவயர்லெஸ்: சாயங்காலம் பாடுகிறதென்றால் வால்வு உயிரோடுதான் இருக்கிறது தம்பி. ஆனால் ஃபிலமெண்டைப் பார். அதற்கு 1.2 வோல்ட், ஏறக்குறைய 13 மில்லிஆம்ப் போதும், புது பெட்டரியோ ஒன்றரைக்கு மேலே தரும். தொடரில் 22 ஓம் ரெசிஸ்டர் போடு, இல்லாவிட்டால் 1.2 வோல்ட் ரீசார்ஜ் பெட்டரி போடு, 2000 மில்லிஆம்ப்-மணி என்றால் கணக்குக்கு 150 மணி நேரம் வரும். ஆனோடுக்கு 60 வோல்ட் என்று போட்டிருப்பார்கள், ஒற்றை டிடெக்டருக்கு (அலையிலிருந்து ஒலியைப் பிரிக்கும் வால்வுக்கு) உன் 27 தாராளம். இதில் சுற்றிய கிரிட் கம்பி கிடையாது, கோல்கள்தான் கிரிட் வேலையைச் செய்து எலக்ட்ரான் கற்றையை வழிநடத்தும். ராணுவ வயர்லெஸ்ஸுக்குச் செய்தது, கையில் எடுத்துச் செல்ல வேண்டுமென்பதால் பெட்டரியை மிச்சம்பிடித்தார்கள். நான் ஒருமுறை அவசரத்தில் ஃபிலமெண்டுக்கு 9 வோல்டைக் கொடுத்துவிட்டேன், அது போன வேகம் கண்ணுக்கே தெரியவில்லை.

குளிர்மலை: காயிலை (கம்பிச் சுருளை) எதில் சுற்றினாய்? கடதாசி மட்டையா?

அட்டன்பையன்: ஆமாம், டாய்லெட் ரோல் மட்டை.

குளிர்மலை: அதுதான் விஷயம். நம்ம ஊர் ஈரத்தை மட்டை குடித்துக்கொள்ளும், காயிலின் க்யூ, அதாவது அதன் தரம், இறங்கிவிடும், ரியாக்ஷனுக்குத் தேவையான அளவு வராது. கிரிட் லீக் (கிரிட் முனையில் போடும் ரெசிஸ்டர்) 2 மெகஓமா? பலகையில் ஈரமும் ஈயம் வைத்த ஃப்ளக்ஸ் பிசினும் இருந்தால் அந்த மெகஓமுக்குப் பக்கத்திலேயே இன்னொரு வழி திறந்துவிடும், அதையும் ஸ்பிரிட்டால் துடை. மட்டையை வெயிலில் காயவைத்து மெழுகுதிரி மெழுகை உருக்கி ஊற்று, அல்லது பிவிசி குழாயில் திரும்பச் சுற்று. வால்வைக் கழற்றும்போது கம்பியைக் கண்ணாடி ஓரத்தில் வளைக்காதே, ஐந்து மில்லிமீட்டராவது தள்ளி வளை. ஈயம் வைக்கும்போது நடுவில் இடுக்கியால் பிடித்துக்கொள், சூடு கண்ணாடிக்குப் போகாது.

பழையவயர்லெஸ்: அட, மட்டையை நான் யோசிக்கவே இல்லை.

அட்டன்பையன்: வெயில் எங்கே அண்ணே, மூன்று நாளாக மழை. அம்மா அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிட்டுக் காயவைத்து மெழுகு ஊற்றினேன், 22 ஓமும் போட்டாயிற்று. இன்று காலை ஐந்தரைக்கு, எதிர் லயம்கூட (தோட்டத்து வீட்டு வரிசை) தெரியாத பனியில், விசில் வந்தது. ஒரே குறை, செட்டில் புகைவாசம்.

குளிர்மலை: சித்திரை இடி தொடங்குமுன் ஏரியல் வயரைக் கழற்றி வெளியே போட வழிசெய்.