விழுந்த கல்லா, கிடத்திய கல்லா? அபர்தீன் கல்வட்டம் பற்றி ஒரு கேள்வி

கேள்வி: கோவில்கடவு, மறையூர்

வணக்கம். ஸ்காட்லாந்தின் அபர்தீனில் படிக்கும் என் மகள், இன்வரூரி ஊருக்கு அருகிலுள்ள ஈஸ்டர் அக்வார்தீஸ் என்னும் கல்வட்டத்துக்குப் போய் எடுத்த படங்களை அனுப்பியிருக்கிறாள். புல்வெளியில் கற்கள் வட்டமாக நிற்க, தென்புறத்தில் மட்டும் இரண்டு உயரமான கற்களுக்கு நடுவே, யானை படுத்ததுபோல் ஒரு பெருங்கல் கிடக்கிறது. பாம்பாற்றை ஒட்டிய பாறைகளில் உள்ள எங்கள் முனியறைகளில் (கற்பலகைகளால் கட்டிய பழங்கால ஈம அறைகளில்), மூடுகல் சரிந்து ஒரு முனை மண்ணில் ஊன்றியும், தாங்கிய பக்கக்கல் இரண்டாகப் பிளந்தும் கிடப்பதைச் சிறுவயது முதல் பார்த்து வருகிறேன். அந்தப் பழக்கத்தில், இதுவும் நின்று விழுந்த கல்தான் என்று சொல்லிவிட்டேன். மகள் ஒப்புக்கொள்ளவில்லை. யார் சொல்வது சரி? அவையும் முனியறைபோல் ஈமச்சின்னங்கள்தாமா?

மறுமொழி 1: சித்தூர், பாலக்காடு

ஐயா, தங்கள் மகள் சொல்வதே சரி. அது விழுந்த கல் அன்று. வேண்டுமென்றே கிடத்தி வைத்த கல். ஸ்காட்லாந்தின் வடகிழக்குப் பகுதியில் இவ்வகை வட்டங்கள் 70க்கும் மேல் அறியப்பட்டுள்ளன; அவை அனைத்திலும் இந்தக் கல் வட்டத்தின் தெற்கு அல்லது தென்மேற்குப் பக்கத்திலேயே இருக்கிறது. தானாக விழும் கல் ஊருக்கு ஊர் ஒரே திசையில் விழாதல்லவா? மேல்விளிம்பும் பெரும்பாலும் மட்டம் பார்த்து அமைக்கப்பட்டிருக்கும். வட்டத்துக்குள் நின்று பார்த்தால், கோடைக்காலத்து முழுநிலவு அந்த விளிம்புக்கு மேலாகத் தாழ்ந்து செல்லும். 18.6 ஆண்டுகளுக்கு ஒருமுறை நிலவு மிகத் தாழ்வாகச் செல்லும் பருவத்தை மனத்தில் கொண்டே கல்லை வைத்தார்கள் என்று பலர் கருதுகின்றனர். நிலவைப் பார்த்திருப்பார்கள் என்பதை நான் நம்புகிறேன். ஆனால் அதை வானியல் கருவி என்று அழைப்பது மிகை.

நிறத்தையும் கவனியுங்கள். கிடக்கும் கல் செம்மை படர்ந்த கருங்கல், அதன் இருபுறமும் நிற்பவை சாம்பல் நிறம், மற்றவை இளஞ்சிவப்பு, அவற்றுள் ஒன்று மட்டும் செஞ்சூரியக்காந்தக் கல் (சிவப்பு ஜாஸ்பர்). கையில் அகப்பட்ட கற்களை அடுக்கியவர்களின் வேலை அன்று இது.

மறுமொழி 2: குப்பம், ஆந்திரம்

இரண்டாவது கேள்விக்கு ஆம் என்றோ இல்லை என்றோ ஒரு சொல்லில் விடை கூற இயலாது. இதே வகைக் கல்வட்டம் உள்ள டாம்னவெரி என்ற குன்றில் தொல்லியலாளர் ரிச்சர்ட் பிராட்லி 1999, 2000 ஆண்டுகளில் நடத்திய அகழாய்வு இதைத் தெளிவாக்கியது. முதலில் குன்றின் உச்சியில் பெருநெருப்பு மூட்டியிருக்கிறார்கள். பிறகு அந்த இடத்தின்மேல் கற்குவை எழுப்பியிருக்கிறார்கள். அதன்பின்னரே, சுமார் 4,500 ஆண்டுகளுக்கு முன், கற்களை வட்டமாக நட்டிருக்கிறார்கள். அதாவது வட்டம் தொடக்கமன்று, முடிவு. வேறு சில வட்டங்களில் எரிந்த மனித எலும்புகளும் கிடைத்திருக்கின்றன. முனியறை போன்ற நம் கல்திட்டைகளும் கற்பதுக்கைகளும் இறந்தவர்களுக்காகவே கட்டப்பட்ட அறைகள். பெரும்பாலும் இரும்புக் காலத்தவை. அந்த வட்டங்கள் எழுந்தபோதோ ஸ்காட்லாந்தில் இரும்பே கிடையாது. ஆகவே தோற்ற ஒற்றுமையை வைத்து இரண்டையும் ஒரே மரபாக இணைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மறுமொழி 3: பீர்மேடு

தோற்றத்தை மட்டும் நம்பக்கூடாது என்பதற்கு அதே வட்டாரத்திலேயே சான்று உண்டு. லியோசெல்-குஷ்னி என்ற இடத்துப் பண்ணையில் இருந்த கல்வட்டம் தொன்மையானது என்று 2018ஆம் ஆண்டின் இறுதியில் அறிவிக்கப்பட்டது. கற்களும் விட்டமும் வழக்கத்தைவிடச் சிறியவை என்பது அப்போதே குறிக்கப்பட்டிருந்தது. சில வாரங்களில் பண்ணையின் முன்னாள் உரிமையாளர் முன்வந்து, 1990களின் நடுவில் தாமே அதைக் கட்டியதாகத் தெரிவித்தார். ஆய்வாளர்களும் அதை மறைக்காமல் வெளியிட்டார்கள். அந்த நேர்மை எனக்கு மிகவும் பிடித்தது.

கேட்டவர்: கோவில்கடவு

அனைவருக்கும் நன்றி. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கிடக்கும் கல்லின் உட்புறத்தில், முட்டுக்கொடுத்தாற்போல் இரண்டு பாறைகள் குறுக்காக வைக்கப்பட்டிருக்கின்றன. இருபுறமும் நிற்கும் கற்களில் ஒரு கீறல்கூட இல்லை. எங்கள் முனியறையில் சரிந்த மூடுகல் பக்கக்கல்லைப் பிளந்திருக்கும் விதமே வேறு. மகளிடம் தவற்றை ஒப்புக்கொண்டுவிட்டேன். அந்தச் செஞ்சூரியக்காந்தக் கல்லை மட்டும் தனியாகப் படமெடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.