மூணு நிலைப் பிள்ளைங்களையும் ஒரே நேரத்துல எப்படிப் பாத்துக்குறீங்க?

எல்லாருக்கும் வணக்கம். நான் ஒரு ஈராசிரியர் பள்ளில 1, 2, 3 மூணு வகுப்பையும் ஒரே ரூம்ல வச்சு எடுக்குறேன், மொத்தம் 23 பிள்ளைங்க. 2022ல சின்ன வகுப்புகளுக்கு எழுத்து, கணக்கு அடிப்படையக் கத்துக்கொடுக்க தமிழ்நாடு அரசோட எண்ணும் எழுத்தும் திட்டம் வந்ததுலேருந்து, பிள்ளைங்க கத்துக்கிட்ட அளவப் பாத்து அரும்பு (ஆரம்ப நிலை), மொட்டு (நடு நிலை), மலர் (மேல் நிலை)னு பிரிச்சுதான் உக்கார வைக்கிறேன், நல்ல முறைதான் அது, ஆனா அரும்பு பிள்ளைங்களோட தரையில உக்காந்து விரலைப் பிடிச்சு எழுத வைக்கிற நேரத்துல மலர் பிள்ளைங்க பயிற்சி நூலை அஞ்சு நிமிஷத்துல முடிச்சுட்டு மிஸ் அடுத்து என்னன்னு வந்து நிக்கிறாங்க, அவங்களப் பாக்கப் போனா இங்க சாக்பீஸைக் கீழ போட்டுட்டு ஜன்னலப் பாக்க ஆரம்பிச்சிடுறாங்க.

எனக்கு ரொம்ப கஷ்டமா இருக்குறது நடுவுல இருக்குற மொட்டு பிள்ளைங்கதான். சத்தமும் போட மாட்டாங்க, சந்தேகமும் கேக்க மாட்டாங்க. ஒரு பொண்ணு போன வாரம் முழுக்க வாயே திறக்கலங்கிறத வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான் கவனிச்சேன், அன்னிக்கு ராத்திரி தூக்கமே வரல.

மலர் பிள்ளைங்கள மத்தவங்களுக்கு சொல்லிக்கொடுக்க வச்சுப் பாத்தேன், விடைய அவங்களே எழுதிக் குடுத்துடுறாங்க. கணக்குக்கு புளியங்கொட்டை, தீக்குச்சி எடுத்தா மூணு கூட்டமும் ஒண்ணா சேந்துடுது, தமிழுக்கு அப்படி ஒண்ணும் எனக்கு சிக்கல. இதே மாதிரி சேத்து எடுக்குறவங்க உங்க கிளாஸ்ல என்ன பண்றீங்கன்னு கொஞ்சம் விவரமா சொல்லுங்க ப்ளீஸ், அந்த வாய் திறக்காத பிள்ளைங்கள எப்படிப் பேச வைக்கிறீங்கன்னும்.