ஹெலிகாய்டுக்குத் தமிழ்: புரிக்குழலா, குவிமரையா?

குழுவினருக்கு வணக்கம்.

கையால் குவிக்கும் பழைய லென்சுகளை வீட்டிலேயே பிரித்து, துடைத்து, மறுபடி பூட்டுவதைச் சொல்லும் கையேடு ஒன்றை மொழிபெயர்த்து வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. வில்லை, குவியம், இடைத்திரை (ஒளித்துளையைச் சுருக்கும் இதழ்கள்), முடிவிலி (வெகு தொலைவுக்கான குவிய நிலை) எல்லாம் அமைந்துவிட்டன. ஹெலிகாய்டு மட்டும் அமையவில்லை. அதுவோ பக்கத்துக்குப் பக்கம் வருகிறது.

பொருள் இதுதான். ஒன்றுக்குள் ஒன்று திருகி ஏறும் உலோகக் குழல்கள். குவிய வளையத்தைச் சுற்றினால் வில்லைத் தொகுதி முன்னே பின்னே நகர்வது இவற்றால்தான். 50 மி.மீ. லென்ஸ், அரை மீட்டரில் உள்ள பொருளைக் குவிக்க 6 மி.மீ.க்குச் சற்று அதிகமாக முன்னே வர வேண்டும். 1 மி.மீ. இடைவெளியுள்ள சாதாரண மரை என்றால் ஆறு சுற்றுக்கு மேல் சுற்ற வேண்டியிருக்கும். அது ஒரு சுற்றுக்குள் முடிவதற்காக, சரிவு அதிகமான பல மரைகளை அடுத்தடுத்து வெட்டியிருப்பார்கள்.

சுருள் என்ற சொல்லை வைத்து எதுவும் செய்ய எனக்குத் தயக்கம். துளை வளையத்துக்கு அடியில் எஃகுக் குண்டும் அதைத் தள்ளும் சுருள்வில்லும் இருக்கின்றன. பிரிக்கும்போது முதலில் தெறித்து ஓடுபவை அவைதான். சுருள்வில், சுருள்குழல் என்று இரண்டும் ஒரே பக்கத்தில் வந்தால் படிப்பவர் குழம்புவார்.

— ந.

---

அன்புள்ள ந.,

புரிக்குழல் என்று எழுதுங்கள்.

புரி என்றால் முறுக்கு. கயிற்றில் புரி உண்டு, நூலில் முப்புரி உண்டு, சங்கில் வலம்புரி உண்டு. பள்ளியில் திருகு அளவியைப் பிடித்தவர்களுக்குப் புரிக்கோல் தெரியும், புரியிடைத் தூரமும் தெரியும். ஆக, திருகின் முறுக்கைப் புரி என்பது நான் இன்றைக்குச் செய்த சொல் இல்லை. ஏற்கெனவே பாடநூலில் இருக்கும் சொல்.

ஒற்றில் கவனம் வேண்டும். புரியை உடைய குழல் என்று விரியும். உருபும் பயனும் உடன்தொக்க தொகை. ஆகவே வல்லினம் மிகும். க் இல்லாமல் புரிகுழல் என்று விட்டால் வினைத்தொகையாகி, பழம்பாடல்களில் வரும் சுருண்ட கூந்தலாகிவிடும். அச்சுக்கோப்பவர் அந்த ஒற்றை விழுங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

புரிசையையும் இதனோடு வைத்துப் பார்க்க வேண்டும். ஊரைச் சுற்றி வரும் மதிலுக்குப் புரிசை என்று பெயர். சுற்றி வளைதல் என்ற கருத்துதான் அங்கும் வேர் என்பது என் துணிபு. விளங்குதல் என்ற பொருளில் புரிதல் வருவதும், மனம் ஒன்றைச் சுற்றி வளைத்துப் பிடிப்பதால் வந்திருக்கலாம். இதைத் தனி மடலில் விரிவாக எழுதுகிறேன்.

— கா.

---

> சாதாரண மரை என்றால் ஆறு சுற்றுக்கு மேல்

ந., பொருளை விளக்கும்போது நீங்களே மரை என்றுதான் எழுதினீர்கள். யோசிக்காமல் எழுதும்போது கைக்கு வருகிற சொல்தான் சொல். பட்டறையில் நிற்கும் யாரும் புரி தேய்ந்துவிட்டது என்று சொல்லி நான் கேட்டதில்லை. மரை தேய்ந்தது, மரை பிடிக்கவில்லை, மரை ஏறமாட்டேன் என்கிறது, இப்படித்தான் சொல்வார்கள்.

கா. ஐயா சொல்லும் பாடநூல் வழக்கை மறுக்கவில்லை. ஆனால் தேர்வு முடிந்ததும் புரிக்கோல் புத்தகத்தோடு போய்விட்டது. இன்றைக்குப் படிப்பவருக்குப் புரி என்றால் விளங்கு என்பதுதான் முதலில் தோன்றும்.

என் பரிந்துரை குவிமரை. லென்சில் வேறு மரைகளும் உண்டு. முன்னால் வடிகட்டி மாட்டும் மரை, பின்னால் கேமரா உடலில் பூட்டும் எம்42 மரை (42 மி.மீ. விட்டம், 1 மி.மீ. இடைவெளி), உள்ளே வில்லைகளை இறுக்கும் வளையங்களின் மரை. குவிப்பதற்கென்று இருப்பது இது ஒன்றுதான். அதனால் குவிமரை என்றாலே எதைச் சொல்கிறோம் என்று தெரிந்துவிடும்.

— பொ.

---

மரையில் எனக்குச் சிக்கல் இருக்கிறது. பாதிப் பேர் இதை மறை என்று வல்லின றகரம் போட்டு எழுதுகிறார்கள். ஒன்றின் உள்ளே மறைந்து போவதால் மறை என்று காரணமும் சொல்கிறார்கள். இடையின ரகரம் என்றால் இலக்கியத்தில் அது மான் வகை. தாமரையின் தலைக்குறையாகவும் வரும். எழுத்தே உறுதிப்படாத சொல்லைக் கலைச்சொல்லாக்கலாமா?

இன்னொன்று. ஹெலிகாய்டின் தலைச்சொல்லில் நம் எல் இருக்கிறது என்று நினைக்கிறேன். எல் என்றால் ஒளி, கதிரவன். தொல்காப்பியர் இடையியலில் எல்லுக்கு இலக்கம், அதாவது விளக்கம் என்று பொருள் சொல்கிறார். ந. கையேட்டில் மாதிரிக்கு எடுத்திருப்பதும் கதிரவனின் கிரேக்கப் பெயர் கொண்ட ஹீலியோஸ் 44-2 லென்ஸ்தானே? வேர் நம்முடையது என்றால் எல்லி, எற்குழல் என்ற வழியிலும் யோசிக்கலாம்.

— சு.

---

சு. அவர்களே, அது ஒட்டாது. கிரேக்கத்தில் இரண்டும் வேறு வேறு சொற்கள். கதிரவனைக் குறிப்பதில் முதல் உயிர் நெடில் ஏ. முறுக்கைக் குறிக்கும் ஹெலிக்ஸில் குறில் எ. ஆங்கில எழுத்தில் பார்க்கும்போதுதான் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். எகர ஏகாரத்தைப் பிரித்தே எழுதும் நாம் இதில் குழம்ப வேண்டியதில்லை. ஹெலிகாய்டுக்கு உறவு வேண்டுமென்றால் ஹெலிகாப்டர்தான் உறவு. அதன் முன்பாதி இதே ஹெலிக்ஸ். பின்பாதி இறக்கையைக் குறிக்கும்.

— ரா.

---

அண்ணன்மார் பெயரைப் பேசி முடிப்பதற்குள் வேலை செய்கிறவர் பக்கமிருந்து கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பழைய லென்சுகளைப் பிரித்துப் பூட்டிப் பழகியவள் நான்.

ஹெலிகாய்டில் கை நிற்க வேண்டிய இடம் ஒன்றே ஒன்று. குழலை மெதுவாகப் பின்பக்கம் சுற்றிக்கொண்டே வருவோம். காய்ந்த கிரீஸ் பழுப்பாகி, உலோகத் தூளும் சேர்ந்து, சவ்வு மாதிரி இழுத்துப் பிடிக்கும். ஓர் இடம் வந்ததும் பிடி விட்டு, உள்குழல் லேசாகத் தொய்ந்து விரலில் அமரும். அங்கேயே நிறுத்த வேண்டும். இரண்டு குழலிலும் ஒரே நேர்க்கோட்டில் ஊசியால் கீறிவிட்டுத்தான் கழற்ற வேண்டும். பல மரை வெட்டியிருப்பதால் உள்ளே நுழைய விளிம்பைச் சுற்றிப் பல இடங்கள் இருக்கும். எதில் வைத்தாலும் மரை ஏறும், வழுவழுவென்று சுற்றவும் செய்யும். ஆனால் ஓர் இடம் தள்ளி ஏற்றினால் வில்லைத் தொகுதி ஒரு மரை இடைவெளி அளவுக்கு முன்னாலோ பின்னாலோ நின்றுவிடும். எம்42 உடலில் லென்ஸ் அமரும் விளிம்பிலிருந்து படச்சுருள் வரை 45.46 மி.மீ. இருக்கவேண்டிய கணக்கு அது. ஒரு மரை தள்ளி நின்றால் முடிவிலி எங்கே கிடைக்கும்? இல்லையென்றால் குழலைச் சுற்றவிடாமல் பிடிக்கும் பித்தளைக் கட்டை அதன் காடிக்கு நேராக வராது.

இந்த நுழைவிடத்துக்குக் கையேட்டில் ஒரு பெயர் கட்டாயம் வேண்டும். அதை மரைவாய் என்று சொல்லலாமா? "எந்த வாயில் வெளியே வந்ததோ அதே வாயில் ஏற்றுங்கள்" என்று எழுதினால் யாருக்கும் விளங்கும். ஹெலிகாய்டுக்கு எந்தப் பெயர் வைத்தாலும் எனக்குச் சம்மதம். வாய் மட்டும் விட்டுப்போகக் கூடாது.

— வி.

---

வி. அம்மா, மரைவாய் நல்ல சொல். நுழைகிற இடத்தை வாய் என்பதும் வாயில் என்பதும் நமக்கு இயல்பு. மறுபேச்சில்லை.

நீங்கள் சொன்ன பித்தளைக் கட்டையிலிருந்து இன்னொரு பெயர் தேவை வருகிறது. முன்பக்கம் சுற்றாமல் நேராக நகரும் லென்சுகளில் நடுக்குழலின் உள்ளே ஒரு திசையிலும் வெளியே எதிர்த்திசையிலும் முறுக்கு இருக்கும் அல்லவா? அவற்றுக்கு வலம்புரி, இடம்புரி என்ற பெயர்கள் தாமாகவே வந்து அமைகின்றன. முல்லைப்பாட்டின் தொடக்கத்திலேயே திருமாலின் கையில் வலம்புரி இருக்கிறது. இத்தனை காலமாகப் புழங்கும் சொல் கையில் இருக்கும்போது புதிதாக ஏன் செய்ய வேண்டும்? புரிக்குழலை ஏற்க இதுவும் ஒரு காரணம்.

— கா.

---

ஐயா, இந்த ஓரிடத்தில் மட்டும் தயவுசெய்து வேண்டாம். சொல் அழகுதான், திசை தலைகீழாகிவிடும்.

கோடியில் ஒன்றாகக் கிடைக்கும் என்று போற்றுகிறோமே, அந்த வலம்புரிச் சங்கு உயிரியல் கணக்கில் இடப்பக்க முறுக்கு. சாதாரணமாகக் கிடைக்கும் சங்கை நாம் இடம்புரி என்கிறோம். அதன் ஓடுதான் வலக்கைத் திருகைப் போல முறுக்கியிருக்கும். சங்கைப் பிடிக்கும் விதத்தையும் பார்க்கும் பக்கத்தையும் வைத்து மரபு பெயரிட்டிருக்கிறது. அது மரபின் உரிமை. ஆனால் திருகுக்குப் பார்க்கும் பக்கம் என்று ஒன்று கிடையாது. வலமரையைத் தலைகீழாகப் பிடித்தாலும் அது வலமரைதான். சங்கைக் கையில் வைத்துக்கொண்டு ஒப்பிட்டுப் பார்க்கும் வாசகர் ஒருவர் இருந்தால் வலம்புரிக் குழலை எதிர்த்திசையில் சுற்றுவார். அலுமினிய மரை அதைத் தாங்காது. கடித்துக்கொண்டால் அப்புறம் அந்த லென்சைக் காப்பாற்றுவது கடினம்.

வலமரை, இடமரை போதும்.

— ரா.

---

ரா., சங்கு பற்றிய செய்தியை ஏற்கிறேன். ஆனால் வலம்புரி என்றதும் தமிழர் மனத்தில் எழுவது வலம் என்ற திசையே. சங்கின் ஓட்டை யாரும் அளந்து பார்ப்பதில்லை. அதற்காகச் சொல்லைக் கைவிட எனக்கு மனமில்லை. என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். குழுவின் விருப்பம் வேறாக இருந்தால் தடுக்கவில்லை.

— கா.

---

எல்லோருக்கும் நன்றி. நாளை மறுநாள் அச்சு என்பதால் இப்படி வைத்துக்கொண்டு போகிறேன்.

உறுப்பின் பெயர் புரிக்குழல். முதல் முறை வரும் இடத்தில் மட்டும் ஹெலிகாய்டு என்பதும் பக்கத்தில் இருக்கும். தனிமடலில் எழுதிய பலரும் இதையே சொன்னார்கள். வெட்டப்பட்ட பள்ளமேடு எங்கே வந்தாலும் மரை, இடையின ரகரத்தோடு. நுழைவிடம் மரைவாய். திசை வலமரை, இடமரை. வி. எழுதிய "எந்த வாயில் வெளியே வந்ததோ" வாக்கியத்தை அப்படியே எடுத்துக்கொள்கிறேன், அனுமதி தாருங்கள்.

— ந.

---

ந., அவசரம் புரிகிறது. ஆனாலும் ஒன்றைப் பாருங்கள். உங்கள் முடிவின்படி "புரிக்குழலின் மரையைத் துடைத்து மெல்லிய கிரீஸ் பூசுங்கள்" என்று எழுத வேண்டி வரும். ஒரே வாக்கியத்தில் ஒரே முறுக்குக்கு இரண்டு சொல்! அதோடு குழலா முக்கியம்? குழல் இல்லாத லென்ஸ் உண்டா? அதை நகர்த்துவது மரை. குவிமரையைத் துடைத்து கிரீஸ் பூசுங்கள் என்றால் ஒரு சொல்லில் முடிந்தது.

வி. அக்கா தன் பயிற்சிக் குறிப்புகளை எழுதும்போது இரண்டையும் சொல்லிப் பார்த்து, கற்றுக்கொள்பவர்கள் எதைத் திரும்பச் சொல்கிறார்கள் என்று எழுதுங்கள். அடுத்த பதிப்புக்கு நான் இதை மறுபடி கொண்டுவருவேன்.

கிரீஸ் பூசும் பத்தியில், அதிகம் பூசினால் எண்ணெய் கசிந்து இடைத்திரை இதழ்களில் ஏறி ஒட்டிக்கொள்ளும் என்ற எச்சரிக்கை இருக்கிறதா? மூலத்தில் இல்லையென்றால் அடிக்குறிப்பாகவாவது சேர்த்துவிடுங்கள்.

— பொ.