புதுப்பிப்பு: போனில் இருக்கும் முகவரி கார் திரைக்கு வராத சிக்கல்

புளூடூத் இணைந்திருந்தும் போனில் சேமித்த முகவரிகள் காரின் நேவிகேஷனில் தெரியவில்லை, கேபிள் செருகினாலும் ஆண்ட்ராய்டு ஆட்டோ (போனின் வரைபடம், பாட்டு எல்லாவற்றையும் கார் திரையில் காட்டும் வசதி) வரவில்லை என்று போன வாரம் புலம்பியிருந்தேன். இரண்டும் தீர்ந்தது.

புளூடூத் ஒன்றுதான், உள்ளே வாசல்கள் பல: பேச்சுக்கு ஒன்று, பாட்டுக்கு ஒன்று, தொடர்புகளுக்கு ஒன்று. முதல்முறை இணைக்கும்போது 'தொடர்புகளைப் பகிரலாமா?' என்று போன் கேட்டதற்கு, அவசரத்தில் வேண்டாம் என்று தட்டியிருக்கிறேன். இணைப்பை இரண்டு பக்கமும் அழித்துவிட்டுப் புதிதாக இணைத்தேன். பெயர்களோடு முகவரிகளும் வந்து இறங்கின.

கேபிள் கதை இன்னும் கேவலம். அது சார்ஜ் மட்டும் ஏற்றும் ரகம், டேட்டா கம்பியே கிடையாது! வேறொன்று மாட்டியதும் வரைபடம் வந்தது.

இப்போது என் போன்புக் மொத்தமும் காரின் நினைவகத்தில். காரை விற்கும்முன் ஃபேக்டரி ரீசெட் செய்து அதையெல்லாம் அழிக்க வேண்டும்.