ஏஐ ஏஜென்ட்டுக்கான ரிவ்யூ கமென்ட் டூல்: விளக்கம் எழுதியும் கமென்ட் வேறு வரியில் விழுகிறது

தென்றல்77 (கேள்வி)

வணக்கம். ஏஐ ஏஜென்ட் புல் ரிக்வெஸ்ட்டைப் (கோடு மாற்றத்தைச் சேர்க்கக் கேட்கும் கோரிக்கை) படித்து கமென்ட் போட ஒரு எம்சிபி டூல் (மாடல் கூப்பிடக்கூடிய வெளிக் கருவி) எழுதியிருக்கிறோம். உள்ளே பெரிதாக ஒன்றுமில்லை, கிட்ஹப்பின் ரெஸ்ட் ஏபிஐயைத்தான் கூப்பிடுகிறது. நாங்களே கையால் கூப்பிட்டால் ஒழுங்காக வேலை செய்கிறது. ஏஜென்ட்டிடம் கொடுத்தால்தான் கூத்து. பல கமென்ட்கள் 422 பிழை (அனுப்பிய மதிப்பு செல்லாது) வாங்கித் திரும்புகின்றன, சில சம்பந்தமே இல்லாத வரியில் போய் உட்காருகின்றன. 422 வந்தாலும் அதே அழைப்பை அச்சு மாறாமல் மறுபடி அனுப்புகிறது.

இப்போதுள்ள விளக்கம் இவ்வளவுதான்:

> புல் ரிக்வெஸ்ட்டில் கமென்ட் போடும். பாத்: ஃபைலின் பாதை. லைன்: வரி எண். சைடு: லெஃப்ட் அல்லது ரைட். பாடி: கமென்ட்.

மாடலை மாற்றியும் பார்த்தாயிற்று, அதே கதைதான். விளக்கத்தில் என்ன விட்டுப்போயிருக்கிறது?

கோடுவாசி

வரி எண் என்றால் எந்த வரி எண்? ஏஜென்ட் முன்னால் மூன்று இருக்கின்றன: பழைய ஃபைலில் உள்ளது, புதிய ஃபைலில் உள்ளது, டிஃப்பில் (பழையதற்கும் புதியதற்கும் உள்ள வித்தியாசப் பட்டியல்) மேலிருந்து எண்ணினால் வருவது. மூன்றாவது ரகம் ஏபிஐயில் பொசிஷன் என்ற பெயரில் இருந்தது. இப்போது அதைத் தவிர்க்கச் சொல்கிறார்கள், ஆனால் அதை வைத்து எழுதிய கோடு இணையத்தில் ஏராளம். மாடல் அந்தப் பழக்கத்தில் எண்ணினால் ஆச்சரியமில்லை.

விளக்கத்திலேயே ஒரு உதாரணம் போடுங்கள். ஹங்க் (டிஃப்பின் ஒரு துண்டு) தலைப்பு இப்படி இருக்கிறது என்று வையுங்கள்:

@@ -40,7 +42,9 @@

பழைய ஃபைலில் 40 முதல் 7 வரிகள், அதாவது 46 வரை. புதியதில் 42 முதல் 9 வரிகள், 50 வரை. சைடு ரைட் என்றால் லைன் 42க்கும் 50க்கும் நடுவில் இருக்க வேண்டும், லெஃப்ட் என்றால் 40க்கும் 46க்கும் நடுவில். நீக்கிய வரிக்கு மட்டும் லெஃப்ட். சேர்த்த வரிக்கும் மாறாத வரிக்கும் ரைட். ஏஜென்ட் 5 என்று அனுப்புகிறதா பாருங்கள், அனுப்பினால் டிஃப்பை மேலிருந்து எண்ணுகிறது என்று அர்த்தம்.

இன்னும் நல்ல வழி, டிஃப்பைக் கொடுக்கும் டூலே ஒவ்வொரு வரிக்கும் முன்னால் எண்ணைப் போட்டுக் கொடுப்பது. ஏஜென்ட்டை எண்ண வைக்காதீர்கள்.

நள்ளிரவு பில்ட்

அண்ணன் சொன்னது சரி. ஆனால் உதாரணமாக அடுக்கிக்கொண்டே போகாதீர்கள். டூல் விளக்கம் ஒவ்வொரு உரையாடலிலும் கான்டெக்ஸ்ட்டில் (மாடல் ஒரே நேரத்தில் படிக்கும் உரை) ஏறி உட்காரும். ஒன்று போதும். சைடுக்கு ஸ்கீமாவில் (டூலின் உள்ளீட்டு வரையறை) ஈனம் (enum, அனுமதித்த மதிப்புகளின் பட்டியல்) கொடுத்துவிட்டால் அதைப் பற்றி நீட்டி எழுதவும் வேண்டாம்.

நான் முதலில் கை வைப்பது பிழைச் செய்தியில். வெறும் 422 வந்தால் ஏஜென்ட் என்ன செய்யும் பாவம், மறுபடி அதையேதான் அனுப்பும். டூலின் பதிலில் இஸ்-எரர் என்ற புலத்தை உண்மை என்று போட்டு, கூடவே இப்படித் திருப்பிக் கொடுங்கள்:

> வரி 118 இந்த டிஃப்பில் இல்லை. இந்த ஃபைலில் ரைட் பக்கத்தில் ஏற்கப்படும் வரிகள்: 42-50, 97-104. கமென்ட் முழு ஃபைலைப் பற்றியது என்றால் சப்ஜெக்ட் டைப்பை ஃபைல் என்று வைத்து, லைன் இல்லாமல் அனுப்பு. அதே எண்ணுடன் மறுபடி முயலாதே.

ஏஜென்ட் கட்டாயம் படிக்கும் ஆவணம் இதுதான். ரீட்மீயை அது திறந்தே பார்க்காமல் போகலாம்.

தென்றல்77

இரண்டு பேருக்கும் நன்றி. லாகைப் பார்த்தேன், 5, 11 என்றுதான் அனுப்பியிருக்கிறது. வரி எண்ணோடு டிஃப்பைக் கொடுத்ததும் கமென்ட் சரியான இடத்தில் விழுகிறது. பிழைச் செய்தியையும் மாற்றிவிட்டேன், அதைப் பார்த்துத் தானே திருத்திக்கொள்கிறது.

இப்போது வேறு தலைவலி. புதிய கோடை ஏற்றும் ஒவ்வொரு புஷ்ஷுக்கும் பழைய கமென்ட்டையே மறுபடி போடுகிறது. "ஏற்கெனவே உள்ளதைப் போடாதே" என்று விளக்கத்தில் சேர்த்தேன், சில நேரம் கேட்கிறது, சில நேரம் கேட்பதில்லை.

கோடுவாசி

அதை விளக்கத்தில் கெஞ்ச வேண்டாம், கோடில் தடுங்கள். அந்த வரியில் உங்கள் ஏஜென்ட் போட்ட கமென்ட் ஏற்கெனவே இருந்தால் டூல் புதிதாக எதையும் போடாமல், பழையதன் ஐடியையும் உரையையும் திருப்பித் தரட்டும். பதில் எழுதுவதற்குத் தனி டூல் வையுங்கள். பதிலுக்குப் பதில் போட ஏபிஐ விடாது, இழையின் (த்ரெட், ஒரு கமென்ட்டும் அதற்கான பதில்களும்) முதல் கமென்ட் ஐடியைத்தான் தர வேண்டும். இதை மட்டும் விளக்கத்தில் எழுதுங்கள், பார்த்து ஊகிக்கக்கூடிய விஷயம் இல்லை.

கமென்ட்டை ஒவ்வொன்றாக அனுப்பாமல் ஒரே ரிவ்யூவாகச் சேர்த்து அனுப்பினால் மற்றவர்களின் இன்பாக்ஸும் பிழைக்கும். ரிவ்யூவின் வகையைச் சொல்லும் ஈவென்ட்டைக் காலியாக விட்டால் ரிவ்யூ பெண்டிங்கில் நின்றுவிடும், யார் கண்ணுக்கும் தெரியாது. அதனால் ஈவென்ட்டின் மதிப்பாகக் கமென்ட் என்பதை டூலே நிரந்தரமாக வைத்துக்கொள்ளட்டும். அப்ரூவ் செய்யும் அதிகாரத்தை ஏஜென்ட்டிடம் கொடுக்கவே மாட்டேன், அது என் பிடிவாதம்.

தென்றல்77

புரிந்தது. கடைசியாக ஒன்று: சரிசெய்த இழையை ரிசால்வ் செய்ய (முடிந்தது என்று மூட) ரெஸ்ட்டில் வழி தேடினேன், கிடைக்கவில்லை.

நள்ளிரவு பில்ட்

ரெஸ்ட்டில் இல்லை. கிட்ஹப்பின் இன்னொரு ஏபிஐயான கிராஃப்க்யூஎல்லில் ரிசால்வ் ரிவ்யூ த்ரெட் என்ற மியூட்டேஷன் (தரவை மாற்றும் அழைப்பு) இருக்கிறது. அது கேட்பது இழையின் ஐடி, கமென்ட்டின் ஐடி இல்லை. இரண்டையும் ஏஜென்ட் குழப்பிக்கொள்ளாமல் இருக்க, அளவுருவுக்கு வெறும் ஐடி என்று பெயர் வைக்காமல் த்ரெட் ஐடி என்றே வைத்துவிடுங்கள்.