பசங்களே நடத்துற லீடர்ஷிப் ப்ரோக்ராம், எங்க இருந்து ஆரம்பிக்கலாம்?

சயின்ஸ்_டீச்சர்_வேணி:

எல்லாருக்கும் வணக்கம். நான் ஒரு அரசு உயர்நிலைப் பள்ளில சயின்ஸ் எடுக்குறேன், சின்ன ஊரு, ஆறாவதுல இருந்து பத்தாவது வரைக்கும்தான். 2024ல அரசுப் பள்ளிப் பசங்கள குழு குழுவா பிரிக்கிற மகிழ் முற்றம் திட்டம் வந்ததும் எங்க பசங்களையும் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலைன்னு அஞ்சு குழுவா பிரிச்சோம், கேப்டன் போட்டோம், பேட்ஜும் குத்தி விட்டாச்சு. ஆனா இப்ப அந்த கேப்டனுங்க என்ன பண்றாங்கன்னு பார்த்தா பிரேயர்ல வரிசைய சரி பண்றாங்க, டீச்சர் இல்லாத பீரியட்ல பேசுறவங்க பேர போர்டுல எழுதுறாங்க, அவ்ளோதான். கூட்டம் போடுறது, எந்த வேலைய எடுக்கலாம்னு முடிவு பண்றது, அத செஞ்சு முடிக்கிறது எல்லாத்தையும் அவங்களே பாத்துக்கணும்னு எனக்கு ரொம்ப ஆசை. ஹெச்.எம்.மும் சரின்னு சொல்லி வெள்ளிக்கிழமை கடைசி பீரியட குடுத்துட்டாங்க. ஆனா "என்ன பண்ணலாம் சொல்லுங்கப்பா"ன்னு கேட்டா எல்லாரும் என் மூஞ்சியவே பாக்குறாங்க, கடைசில "நீங்களே சொல்லுங்க மிஸ்"னு வந்து நிக்குது. எதுக்கு கூப்பிட்டாலும் நல்லா படிக்கிற அதே நாலஞ்சு பிள்ளைங்கதான் எழுந்திரிக்கிறாங்க. அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

பழைய_சாரணர்:

டீச்சர், நான் ரிட்டயர்டு ஆசிரியர், சர்வீஸ் முழுக்க ஸ்கவுட் மாஸ்டராவும் இருந்தேன். நீங்க கேக்குறதுக்கு ஸ்கவுட்ல நூறு வருஷத்துக்கு மேல பழகின ஒரு முறை இருக்கு. ஸ்கவுட்ட ஆரம்பிச்ச பேடன் பவல் 1907ல இங்கிலாந்துல பிரவுன்சீ தீவுல போட்ட முதல் கேம்ப்லயே பசங்கள நாலு பேட்ரோலா, அதாவது சின்னக் குழுவா பிரிச்சு ஒவ்வொண்ணுக்கும் ஒரு பையனையே லீடராக்கிட்டார். ஒரு பேட்ரோல்னா ஆறுல இருந்து எட்டு பேருதான், அந்த எண்ணிக்கை ரொம்ப முக்கியம். உங்க குழு ஒண்ணுல எப்படியும் அம்பது பேருக்கு மேல இருப்பாங்க, அதுல ஒரு கேப்டன்னா அவன் சத்தம் போடுறதத் தவிர வேற என்ன பண்ணுவான் பாவம். அதனால ஒவ்வொரு குழுவையும் எட்டெட்டு பேரா பிரிங்க, ஆறாவதும் ஒன்பதாவதும் கலந்தே இருக்கட்டும், எட்டு பேருக்கும் ஆளுக்கொரு வேலை குடுங்க. ஒருத்தர் சாமான் பாத்துக்கணும், ஒருத்தர் கணக்கு, ஒருத்தர் நோட்டு எழுதணும். அப்பதான் படிப்புல பின்னாடி நிக்கிற பையன் கைக்கும் ஏதோ ஒண்ணு வரும், என் அனுபவத்துல சாமான் பாத்துக்குற வேலைய அந்த மாதிரி பசங்க அளவுக்கு யாரும் சுத்தமா செஞ்சதில்ல.

இன்னொண்ணு, பேட்ரோல் லீடருங்க மட்டும் உக்காந்து பேசுற கூட்டத்துக்கு கோர்ட் ஆஃப் ஹானர்னு பேரு. அங்க மாஸ்டர் இருக்கலாம், ஆனா கூட்டத்த நடத்துறது பசங்க. நீங்க பின் பெஞ்சுல போய் உக்காருங்க, போர்டு பக்கம் நின்னீங்கன்னா அது கிளாஸ்தான்.

கேம்ப்_சமையல்காரன்:

அக்கா, நான் இப்ப காலேஜ் ரெண்டாம் வருஷம், ப்ளஸ் ஒன்ல என்.எஸ்.எஸ். (நாட்டு நலப்பணித் திட்டம்) ஏழு நாள் கேம்ப் போனப்ப நடந்தத சொல்றேன். எங்க ஆபீசர் சார் சாப்பாட்டுக் குழு கையிலயே காச குடுத்து தினமும் ராத்திரி கணக்கு மட்டும் எழுதிக் காட்டுங்கன்னுட்டாரு. எங்க சாப்பாட்டுக் குழு லீடர் கிளாஸ்ல வாயே தொறக்காத பொண்ணு, அது கடைக்காரர்கிட்ட தக்காளி விலை பேசினத பார்த்து நாங்க அப்படியே நின்னுட்டோம். அரிசி எத்தன படி போடணும்னு எங்களுக்குள்ள ஒரே சண்டை, சார் பக்கத்துலயே நின்னாரு ஆனா வாயே தொறக்கல, கடைசில அந்த ஊர் பாட்டி ஒருத்தங்ககிட்ட நாங்களே போய் கேட்டு வந்தோம். "என்ன பண்ணலாம்"னு பொதுவா கேட்டா யாருக்குமே ஒண்ணும் தோணாது அக்கா, கையில ஒரு வேலையும் கொஞ்சம் காசும் ஒரு தேதியும் இருந்தா தானா பேச்சு வரும். முதல் வேலை மட்டும் சின்னதா நீங்க குடுங்க, அடுத்தத அவங்களே புடிச்சிட்டு வருவாங்க.

மலர்_ஆசிரியை:

வேணி மிஸ், தம்பி சொன்னது நூத்துக்கு நூறு சரி. எங்க ஸ்கூல்ல பொண்ணுங்க முதல்ல எடுத்தது டாய்லெட் பிரச்சினை. எந்த கதவுக்கு தாழ்ப்பாள் இல்ல, எந்த குழாய்ல எத்தன மணிக்கு தண்ணி நிக்குதுன்னு ஒரு வாரம் நோட்டுல குறிச்சாங்க, அப்புறம் அத பள்ளி மேலாண்மைக் குழு கூட்டத்துல எட்டாவது படிக்கிற பொண்ணு எழுந்து நின்னு வாசிச்சா. 2009 கல்வி உரிமைச் சட்டப்படி அந்தக் குழுல முக்கால்வாசி பெற்றோர்தான் இருக்கணும், மொத்தத்துல பாதி பெண்கள், அதனால அம்மாங்களுக்கு உடனே புரிஞ்சிடுச்சு. தாழ்ப்பாள் அந்த மாசமே வந்துச்சு. நாம போய் மனு குடுத்திருந்தா இவ்ளோ சீக்கிரம் நடந்திருக்காது, இத நான் அடிச்சு சொல்வேன்.

கேப்டன வருஷம் பூரா ஒருத்தரையே வைக்காதீங்க, டெர்முக்கு ஒருத்தர்னு மாத்துங்க. ஓட்டுப் பெட்டி வச்சு ரகசியமா ஓட்டு போட விடுங்க, கை தூக்கச் சொன்னா டீச்சருக்கு புடிச்ச பிள்ளைக்குதான் கை போகும்.

சயின்ஸ்_டீச்சர்_வேணி:

ரொம்ப நன்றி எல்லாருக்கும், எட்டெட்டு பேரா பிரிக்கிறத இந்த வெள்ளிக்கிழமையே செஞ்சிடுறேன். ஒரே ஒரு சந்தேகம், பத்தாவது பசங்கள என்ன பண்றது? பொதுத் தேர்வு இருக்கு, இதுல நேரம் போகுதுன்னு பெத்தவங்க இப்பவே ஹெச்.எம். ரூமுக்கு வர ஆரம்பிச்சிட்டாங்க.

பழைய_சாரணர்:

அது நியாயமான பயம் டீச்சர், அவங்களோட சண்டை வேணாம். பொறுப்பு முழுக்க ஒன்பதாவதுக்கு குடுத்துடுங்க, பத்தாவது பசங்க காலாண்டுத் தேர்வு வரைக்கும் கூட உக்காந்து சொல்லிக் குடுக்கட்டும், அதுக்கப்புறம் அவங்கள படிக்க விட்டுடுங்க. கணக்கு நோட்டு, கூட்டம் எழுதின நோட்டு எல்லாத்தையும் அவங்களே கையெழுத்துப் போட்டு ஒன்பதாவதுகிட்ட ஒப்படைக்கணும். அத பிரேயர்ல எல்லார் முன்னாடியும் செய்யுங்க, அடுத்த வருஷம் யார் நடத்தப் போறாங்கன்னு சின்னப் பசங்களுக்கும் அன்னைக்கே தெரிஞ்சிடும்.