24 வோல்ட் லாரிக்கு எந்த ஹெட்லைட் பல்பு? ஹெவி டியூட்டி ஹாலஜனா, எல்இடியா?

தொப்பூர்_இறக்கம்:
வணக்கம். சொந்த வண்டி, 12 வீல், நானேதான் ஓட்டறேன். 24 வோல்ட், எச்4 பல்பு (பிரைட்டும் டிம்மும் ஒரே பல்புல), கம்பெனி கணக்கு 75/70 வாட், அதாவது பிரைட்டுக்கு 75, டிம்முக்கு 70. ராத்திரி தர்மபுரி தாண்டி தொப்பூர் இறங்கும்போது டிம்ல வந்தா, ஓரத்துல பிரேக்டவுன் ஆகி நிக்கிற வண்டி கிட்டப் போனப்புறம்தான் கண்ணுக்குத் தெரியுது. பல்பும் நிக்க மாட்டேங்குது, அதுலயும் இடது பக்கம் அடிக்கடி போகுது. கடையில ஒருத்தர் 100/90 போடச் சொல்றார், இன்னொருத்தர் எல்இடிங்கறார். வெளிச்சமும் வேணும், சீக்கிரம் பியூஸ் போகவும் கூடாது. ஓட்டறவங்க சொல்லுங்க.

மூணுவண்டி_ஓனர்:
யோசிக்கவே வேண்டாம், எல்இடி போடுங்க. என் வண்டி மூணுலயும் அதுதான். ஹாலஜன் உள்ள இருக்கறது மெல்லிசுக் கம்பி. நம்ம ரோட்டுக் குலுக்கலுக்கு அது எத்தனை நாள் தாங்கும்? எல்இடியில அறுந்து போக ஒண்ணுமே இல்லை. கரண்டும் கம்மியா இழுக்கும், ஹோல்டர் உருகாது. ராத்திரி ரெண்டு மணிக்குப் பல்பு போனா எந்தக் கடை திறந்திருக்கும்? பகல் மாதிரி இருக்குன்னு என் டிரைவருங்க சொல்றாங்க.

காரோட்டி_கோவை:
உங்க டிரைவருக்குப் பகல் சரி. எதிர்ல வர்ற எனக்கு? நடுவுல தடுப்பு இல்லாத ரோட்டுல, உசரத்துல இருந்து அந்த வெள்ளை வெளிச்சம் மூஞ்சியில அடிச்சா, வண்டி கடந்து போன பின்னாடியும் கொஞ்ச நேரத்துக்கு எனக்கு ரோடே இல்லை. அந்த நேரத்துல லைட் இல்லாத சைக்கிள் முன்னாடி வந்தா என்ன செய்யறது? நம்மூர்ல ஹெட்லைட் நடுவுல கறுப்புப் பொட்டு ஒட்டி விடறாங்களே, அது எதுக்குன்னு யாராவது யோசிச்சிருக்கீங்களா? டிம்முக்குப் போட்டாலும் டிம் ஆகாத லைட்டை லைட்னு சொல்ல முடியாது சார்.

மூணுவண்டி_ஓனர்:
@காரோட்டி_கோவை சார், இன்னைக்கு ஷோரூம்ல இருந்து வர்ற புது லாரி, கார்ல நிறைய எல்இடிதானே? உங்க கார்லயே இருக்கலாம். கம்பெனி போட்டா கண்ணு கூசாது, நான் போட்டா கூசுமா?

பட்டறை_எலக்ட்ரீஷியன்:
அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்றேன். ஆமா, கம்பெனி போட்டா கூசாது, நீங்க போட்டா கூசும். காரணம் எல்இடி இல்லை, ரிஃப்ளெக்டர், அதான் பல்பைச் சுத்தி இருக்கற பளபளப்பான கிண்ணம்.

எச்4 பல்பைக் கழட்டி வெளிச்சத்துல பிடிச்சுப் பாருங்க. உள்ள ரெண்டு கம்பி இருக்கும். பிரைட் கம்பி ரிஃப்ளெக்டரோட குவியத்துல உக்காந்திருக்கும். டிம் கம்பி அதுக்குக் கொஞ்சம் முன்னாடி, அதுக்குக் கீழ கரண்டி மாதிரி சின்னத் தகடு ஒண்ணு. அந்தத் தகடு டிம் வெளிச்சத்தை ரிஃப்ளெக்டரோட கீழ்ப்பாதிக்குப் போக விடாது. மேல்பாதியில மட்டும் பட்டு, வெளிச்சம் ரோட்டைப் பாத்துக் கீழ இறங்கும். கீழ்ப்பாதியில பட்டா அது மேல கிளம்பி எதிர் வண்டிக்காரர் கண்ணுக்குப் போயிடும். கம்பி ஒரு மில்லிமீட்டர் நகந்தாலே இந்தக் கணக்கு கலைஞ்சிடும்.

எல்இடி பல்புல சிப்பு ஒரு தடிச்ச பட்டையோட ரெண்டு பக்கத்துலயும் ஒட்டியிருக்கு. கம்பி இருக்க வேண்டிய இடத்துல அது இல்லை. அதனால வண்டிக்குக் கிட்ட ரோடு வெள்ளையாப் பளிச்சுனு தெரியும், தூரம் இருட்டாவே இருக்கும். கிட்ட பளிச்சுனு இருந்தா கண்ணு அதுக்குப் பழகிடும், தூரத்துல இருக்கற மங்கல் இன்னும் தெரியாது. டிரைவர் "பகல் மாதிரி"ங்கறது அந்தக் கிட்டத்து வெளிச்சத்தைத்தான். ஷோரூம் வண்டியில லென்ஸே எல்இடிக்குன்னு செஞ்சது, அந்தப் பேச்சு வேற. ஜெர்மனியில 2020 கடைசியிலதான் மாத்திப் போடற எல்இடி பல்புக்கு முதல்ல அனுமதி கொடுத்தாங்க. அதுவும் ஒவ்வொரு கார் மாடலாப் பரிசோதிச்சு, பட்டியல்ல இருக்கற வண்டிக்கு மட்டும்.

ரிக்வண்டி_திருச்செங்கோடு:
எல்இடி வேண்டாம், சரி. 100/90 போட்டா என்ன? ரிலே (பெரிய கரண்டை ஸ்விட்ச் வழியா விடாம தான் தாங்கிக்கற பெட்டி) போட்டுட்டா ஸ்விட்சும் உருகாது. காட்டுக்குள்ள போர் போடப் போறப்ப எங்களுக்கு அதுதான் கை கொடுக்குது.

பட்டறை_எலக்ட்ரீஷியன்:
காட்டுக்குள்ள சரிங்க, அங்க எதிர்ல யார் வரப் போறாங்க. ரோட்டுல டிம்முலயே 70க்குப் பதில் 90 வாட் எரிஞ்சா அந்தச் சூட்டுக்கு முதல்ல பல்பு சொருகற கப்ளர் பழுப்பாகும், அப்புறம் ரிஃப்ளெக்டர் முலாம் கருகும். முலாம் போன ரிஃப்ளெக்டர்ல எந்தப் பல்பைப் போட்டாலும் வெளிச்சம் வராது. எஃப்.சி.யில (வண்டித் தகுதிச் சோதனை) மாட்டினா தனிச் செலவு.

இப்ப கேட்டவருக்கு வர்றேன். @தொப்பூர்_இறக்கம் தம்பி, பல்பு வாங்கறதுக்கு முன்னாடி ஒரு வேலை. எஞ்சினை ஓட விட்டு, ஹெட்லைட்டைப் போட்டு, மீட்டரை பேட்டரியில ஒரு தடவை வைங்க, கப்ளர்ல ஒரு தடவை வைங்க. கப்ளர்ல பாக்கறப்ப மீட்டரோட கறுப்பு வயரும் கப்ளரோட எர்த் பின்னுலயே இருக்கணும். 24 வோல்ட் பல்புக்கு லூமன் கணக்கு (வெளிச்ச அளவு) எழுதறது 28 வோல்ட்டுல. அந்த 28ல 75/70 பல்பு பிரைட்டுல 1900 லூமன், டிம்ல 1200 லூமன் தரணும். வோல்ட் 10 சதவீதம் குறைஞ்சா வெளிச்சம் கிட்டத்தட்ட 30 சதவீதம் போயிடும். பழைய வண்டியில கரண்டு முழுசும் ஸ்டியரிங் கிட்ட இருக்கற ஸ்விட்ச் வழியா சுத்திக்கிட்டு வருது, எர்த் துரு பிடிச்சிருக்கு. நீங்க 75 வாட் பல்பு போட்டிருக்கீங்க, அது 75 வாட்டா எரியலை.

மூணுவண்டி_ஓனர்:
அண்ணா, இதுல ஒண்ணு இடிக்குது. வோல்ட் கம்மியா வந்தா பல்பு ரொம்ப நாள் நிக்கணுமே? அவருக்கு அடிக்கடி போகுதுங்கறாரே? குலுக்கல்தான் காரணம்னு நான் சொன்னது சரிதானே?

பட்டறை_எலக்ட்ரீஷியன்:
நல்ல கேள்வி. கம்பியோட ஆயுள் வோல்ட்டைப் பொறுத்து படுவேகமா மாறும். 5 சதவீதம் கூடினாலே ஆயுள் ஏறக்குறைய பாதி. சார்ஜ் வோல்ட்டைக் கட்டுப்படுத்தற ரெகுலேட்டர் கெட்டு 30 வோல்ட் தொட்டா பல்பு வரிசையாப் போகும். ஆனா இவருக்கு வெளிச்சமும் இல்லை, ஆயுளும் இல்லை. அப்படின்னா கோளாறு ரெண்டு, தனித்தனி. ஒண்ணு வயரிங். இன்னொண்ணு நீங்க சொன்ன குலுக்கலா இருக்கலாம், இல்லை மலிவுப் பல்பா இருக்கலாம். 24 வோல்ட் கம்பி 12 வோல்ட் கம்பியை விட நீளம், மெல்லிசு. அதனால குலுக்கல் சீக்கிரம் அறுக்கும். ஒரே பக்கம் அடிக்கடி போகுதுன்னா அந்தப் பக்கத்து லைட் கிண்ணம் ஆடுதான்னு கையால ஆட்டிப் பாருங்க.

இதுக்குன்னே லாரிக்கு ஹெவி டியூட்டி பல்பு வருது. பிலிப்ஸ் மாஸ்டர்டியூட்டி, ஓஸ்ராம் ட்ரக்ஸ்டார் மாதிரி. கம்பியையும் தாங்கியையும் பலமாக் கட்டியிருப்பாங்க, வாட் அதே 75/70தான். "130 சதவீதம் கூடுதல் வெளிச்சம்"னு கார்க்காரங்க வாங்கற பல்பு வேற ஜாதி. கம்பியை அதிகச் சூட்டுல எரிய விட்டு எடுக்கற வெளிச்சம், ஆயுள்ல கை வைக்கும். நீலம் பூசின பல்பு அதை விட மோசம். நிறத்துக்காக இருக்கற வெளிச்சத்தையும் வடிகட்டிடும். ரொம்ப வெளிச்சமும் ரொம்ப ஆயுளும் ஒரே கம்பியில கிடைக்காது தம்பி, யார் வித்தாலும்.

காரோட்டி_கோவை:
மழையில வெள்ளை லைட் போட்டா ரோடே தெரியறதில்லை, மஞ்சள்தான் கிழிச்சுக்கிட்டுப் போகும்னு அப்பா சொல்வார். அதையும் சேத்துக்கங்க.

பட்டறை_எலக்ட்ரீஷியன்:
அதை அப்படியே ஏத்துக்க மாட்டேன் சார். மழைத் துளியோ மூடுபனித் துளியோ, ஒளி அலையை விட ரொம்பப் பெருசு, மஞ்சளையும் வெள்ளையையும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் சிதறடிக்கும். தொந்தரவு பண்றது நிறம் இல்லை, மேல போற வெளிச்சம். அது துளியில பட்டு நம்ம கண்ணுக்கே திரும்பி வருது. டிம் ஒழுங்கா இறங்கினா பாதிச் சிக்கல் தீரும்.

தொப்பூர்_இறக்கம்:
அளந்துட்டேன் அண்ணா. பேட்டரியில 27.8, இடது கப்ளர்ல 25.2, வலதுல 25.6. இடது கிண்ணத்தோட ரப்பர் புஷ் ஒண்ணு இல்லவே இல்லை, கையால தொட்டா ஆடுது. கண்ணாடி உள்பக்கம் புழுதி வேற.

பட்டறை_எலக்ட்ரீஷியன்:
இடது பக்கம் 2.6 வோல்ட் வழியிலயே போகுது. வெளிச்சத்துல கால்வாசிக்கு மேல அங்கயே காலி. பிரைட்டுக்கு ஒண்ணு, டிம்முக்கு ஒண்ணு, 24 வோல்ட் ரிலே ரெண்டு போடுங்க. மறதியா 12 வோல்ட் ரிலே கொடுத்துடுவாங்க, மேல எழுதியிருக்கறதைப் பாத்து வாங்குங்க. பேட்டரியில இருந்து நேரா 2.5 சதுர மில்லிமீட்டர் வயர், பேட்டரி பக்கத்துலயே பியூஸ். எர்த்தைப் பெயின்ட் சுரண்டி சேசிஸ்ல முறுக்குங்க. ரப்பர் புஷ் மாத்துங்க. அப்புறம் ஹெவி டியூட்டி பல்பு, ரெண்டு பக்கமும் சேத்து. கண்ணாடிக் குமிழைக் கையால தொடக் கூடாது. விரல் எண்ணெய் பட்ட இடம் தனியாச் சூடாகி வெடிக்கலாம். தொட்டுட்டா ஸ்பிரிட்ல துடைச்சிடுங்க.

மூணுவண்டி_ஓனர்:
இத்தனை வேலைக்கு அவருக்கு வண்டி ஒரு நாள் நிக்கும், வாடகை போகும். எல்இடி பத்து நிமிஷ வேலை. பாக்கெட்ல முப்பதாயிரம் மணி நேரம்னு போட்டிருக்கு.

பட்டறை_எலக்ட்ரீஷியன்:
முப்பதாயிரம் சிப்புக்கு. பின்னாடி சுத்தற குட்டி ஃபேனுக்கும் சிப்புக்குக் கரண்டு கொடுக்கற டிரைவர் சர்க்யூட்டுக்கும் யார் கணக்கு எழுதினாங்க? குவாரிப் புழுதியில ஃபேன் நின்னா சிப்பு வெந்துடும். பட்டறைக்கு வர்ற எல்இடியில நான் பாக்கறது பெரும்பாலும் அதுதான்.

மூணுவண்டி_ஓனர்:
என் வண்டிக்குக் குவாரி லோடு கிடையாது. போன பல்பைப் பத்திப் பேசறீங்க, போகாதது உங்க பட்டறைக்கு வராதே. நான் மாத்தப் போறதில்லை. ஆனா டிம் எவ்வளவு மேல ஏறுதுன்னு எப்படிப் பாக்கறது, அதைச் சொல்லுங்க. காரோட்டி சார் திட்டினது கொஞ்சம் உறுத்துது.

பட்டறை_எலக்ட்ரீஷியன்:
சமதளத்துல, லோடோட, சுவத்துக்கு 10 மீட்டர் முன்னாடி நிறுத்துங்க. பின்னாடி லோடு உக்காந்தா மூக்கு தூக்கும், அதனால காலி வண்டியில செட் பண்ணாதீங்க. ஹெட்லைட் நடு உயரத்தைச் சுவத்துல கோடு போடுங்க. டிம்மோட மேல்விளிம்பு அந்தக் கோட்டுக்கு 15 சென்டிமீட்டராவது கீழ விழணும், இடது ஓரம் மட்டும் ஏறிப் போகும். விளிம்பே தெரியாம வெளிச்சம் சுவர் பூராப் பரவினா, ஸ்க்ரூவைத் திருப்பி சரி பண்ண முடியாது.

காரோட்டி_கோவை:
சுவத்துல பாத்துட்டு போட்டோ போடுங்க ஓனர் சார்.

தொப்பூர்_இறக்கம்:
ரிலே வாங்கியாச்சு, 24தான், பாத்து வாங்கினேன். ஞாயித்துக்கிழமை லோடு இல்லை, அன்னைக்குப் போட்டுட்டு கப்ளர் வோல்ட்டை எழுதறேன். அந்தப் பழைய ஸ்விட்சை மாத்தணுமா, இருக்கட்டுமா அண்ணா?

பட்டறை_எலக்ட்ரீஷியன்:
இருக்கட்டும். இனிமே அதுல ரிலேயை இழுக்கற கரண்டு மட்டும்தான் ஓடும்.